பிழை சுட்டும் முறை: தொழிற்பயிற்சி வரலாற்றில் ஓர் ஏடு

கற்பிப்பவரின் வாய்ச்சொல் கற்பவனை ஆக்கவும் வல்லது, அழிக்கவும் வல்லது. பள்ளிக்கூடத்தில் மட்டுமன்றிப் பட்டறையிலும் ஆலையிலும் அலுவலகத்திலும் இவ்வுண்மை செல்லும். புதிதாக வேலைக்கு வந்த ஒருவன் கருவியைத் தவறாகப் பிடிக்கிறான். அருகில் நிற்கும் மேற்பார்வையாளர் அந்நொடியில் என்ன சொல்கிறார், எவ்வாறு சொல்கிறார் என்பதைப் பொறுத்தே அவன் அத்தொழிலில் நிலைப்பதும் அதைவிட்டு நீங்குவதும் பெரும்பாலும் அமைகின்றன. வெளியார் கண்ணுக்குச் சிறிதாகத் தோன்றும் இந்நிகழ்ச்சியை ஊன்றி ஆராய்ந்து, பிழை சுட்டுவதற்கும் ஒரு முறை வகுத்த முயற்சி 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் அமெரிக்க நாட்டில் எழுந்தது. இரண்டு உலகப் போர்களின் நெருக்கடியில் உருவாகி, பிறந்த நாட்டில் மறக்கப்பட்டு, வேற்று நாட்டில் தழைத்த அம்முறையின் வரலாறு தொழில் நடத்துவோர்க்கு மட்டும் உரியதன்று. அதன் வேர் வகுப்பறையில் இருத்தலின், ஆசிரியர்க்கும் அது பெரிதும் உரியதாகும்.

வகுப்பறையிலிருந்து கப்பல் தளத்திற்கு

ஆசிரியப் பயிற்சி பெற்றோர் ஹெர்பார்ட் என்னும் செர்மானிய அறிஞரின் பெயரை நன்கு அறிவர். 1776ஆம் ஆண்டில் பிறந்து 1841ஆம் ஆண்டில் மறைந்த அவர், கல்வியியலை மனவியலின் மீது நிறுத்த முயன்றவருள் முதன்மையானவர். மாணவன் முன்பே அறிந்திருப்பதனோடு இணைத்தாலன்றிப் புதிய அறிவு மனத்தில் தங்காது என்பது அவர் கொள்கையின் சாரம். அவர் வழிவந்தோர் பாடம் நடத்துதலை ஆயத்தம், எடுத்துரைத்தல், ஒப்பிடல், பொதுமை காணல், பயன்படுத்தல் என ஐந்து படிகளாக வகுத்தனர். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இப்படிகள் அமெரிக்கப் பள்ளிகளிலும் பெருவழக்குப் பெற்றன.

1917ஆம் ஆண்டில் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியது. கடலில் மூழ்கடிக்கப்பட்ட கப்பல்களுக்கு ஈடாகப் புதியன கட்டவேண்டிய தேவை எழுந்தது. கப்பல் கட்டும் தளங்களில் அதுகாறும் இருந்த தொழிலாளரைப்போல் ஏறத்தாழப் பத்து மடங்கினர் வேண்டியிருந்தனர். தச்சும் கொல்லும் அறியாத பல்லாயிரவரை விரைவில் பழக்கியாக வேண்டும். அப்பணிக்குப் பயிற்சியாளர்களை உருவாக்கும் பொறுப்பில் இருந்தவர் சார்லஸ் ஆலன் என்பவர். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் தொழிற்கல்வித் துறையில் பணியாற்றிய அவர், தம் பட்டறிவைத் தொகுத்து 1919ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். பயிற்றுநர், தொழிலாளி, தொழில் என்னும் மூன்றையும் தலைப்பிலேயே இணைத்துக் கூறிய நூல் அது.

ஆலன் வகுத்த படிகள் நான்கு. கற்பவனை ஆயத்தம் செய்தல் முதலாவது. வேலையை எடுத்துக்காட்டல் இரண்டாவது. அவனைக்கொண்டே செய்வித்தல் மூன்றாவது. தனித்துச் செய்யவிட்டுச் சோதித்தல் நான்காவது. ஹெர்பார்ட் வழியினரின் படிகளோடு இவற்றை ஒப்பிட்டு நோக்கின் உறவு விளங்கும். பழந்தொழிலாளியின் அருகே நின்று, பார்த்துப் பார்த்துத் தானாகவே கற்றுக்கொள்ளட்டும் என்று புதியவனை விட்டுவிடும் பழைய வழக்கத்திற்கு இது நேர்மாறானது. பழைய வழக்கத்தில் கற்கத் தவறியவன் மந்தன் எனப்பட்டான். ஆலன் முறையிலோ, கற்கத் தவறியவனைக் கண்டால் கற்பித்த முறையை முதலில் ஆராயவேண்டும் என்னும் கொள்கை இடம்பெற்றது. பழி நின்ற இடம் மாறியது என்பதே ஈண்டுக் கருதத்தக்கது.

1940ஆம் ஆண்டின் நெருக்கடி

முதற்போர் முடிந்ததும் இம்முறை பலரால் மறக்கப்பட்டது. பின்னர், ஐரோப்பாவில் இரண்டாம் போர் மூண்டு, பிரான்சு வீழ்ந்த 1940ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு தன் படைக்கலத் தொழிலைப் பெருக்கத் தொடங்கியது. அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில் 'தொழிலகத்துள்ளே பயிற்சி' என்னும் பெயருடைய பணித்துறை நிறுவப்பட்டது. அதனை நடத்தியோர் நால்வர். எண்ணெய் நிறுவனமொன்றிலிருந்து வந்த சான்னிங் டூலி தலைவர். வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த வால்டர் டீட்ஸ், தொலைபேசி நிறுவனத்தைச் சேர்ந்த மைக்கேல் கேன், எஃகு நிறுவனத்தைச் சேர்ந்த வில்லியம் கானவர் ஆகியோர் துணைநின்றோர். டூலி முதற்போர்க் காலத்திலேயே பயிற்சிப் பணியில் ஈடுபட்டவர். எனவே ஆலனின் நான்கு படிகள் மீண்டும் ஒளிபெற்றன.

அவர்கள் எதிர்கொண்ட முதல் சிக்கல்களுள் ஒன்று கண்ணாடி வில்லை தீட்டுவோர் பற்றாக்குறை. நீர்மூழ்கியின் நோக்குகுழலுக்கும் வானூர்தியின் குறிபார்க்கும் கருவிக்கும் நுண்மையான வில்லைகள் தேவைப்பட்டன. அத்தொழிலில் ஒருவன் முழுத்தேர்ச்சி பெற ஐந்தாண்டு ஆகும் என்பது வழக்கு. போரோ ஐந்தாண்டு காத்திராது. வேலையைக் கூறுகூறாகப் பிரித்து ஆராய்ந்தபோது, அருந்திறன் வேண்டும் பகுதி சிறிதே என்பதும், ஏனைய பகுதிகளை முறையாகக் கற்பித்தால் சில மாதங்களிலேயே பழக்கிவிடலாம் என்பதும் புலனாயின. ஐந்தாண்டு தேவைப்பட்டது கற்பவனின் மந்தத்தால் அன்று. முறையாகக் கற்பிப்பார் இன்மையால் என்று இதனால் தெளிவாயிற்று.

ஆலைகளுக்குள் புதியவர் திரள்திரளாக வந்தனர். நெடுநாள் வேலையின்றிக் கிடந்தோர், வயல்விட்டு வந்த உழவர், ஆலையின் உட்புறத்தை அதற்குமுன் கண்டறியாத பெண்கள், அதுவரை நிறத்தின் பெயரால் வாயிலிலேயே தடுக்கப்பட்டுவந்த கறுப்பின மக்கள் எனப் பலதிறத்தார் அவருள் இருந்தனர். கண்டிப்பும் கடுஞ்சொல்லுமே பயிற்சி என்று பழகிய மேற்பார்வையாளர்கள் இவர்களை எவ்வாறு நடத்துவர்? ஆலையில் 'போர்மன்' எனப்படும் அம்மேற்பார்வையாளரின் நிலை, மலாயாத் தோட்டப்புறத்தில் கங்காணியோ மண்டோரோ நின்ற நிலையை ஒருவாறு ஒத்தது. தொழில் அறிந்தவர் அவர். கற்பிக்க அறிந்தவர் அல்லர். ஆகவே தொழிலாளிக்கு முன்னர் மேற்பார்வையாளரையே பயிற்றவேண்டும் என அந்நால்வரும் முடிவு செய்தனர். 1941 முதல் 1943 வரை மூன்று பாடத்திட்டங்கள் உருவாயின. வேலை கற்பித்தல், வேலையைச் சீர்திருத்தல், வேலையாரோடு உறவு பேணல் என்பன அவை. ஒவ்வொன்றும் பத்து மணி நேரமே கொண்டது. இவ்விரண்டு மணியாக ஐந்து அமர்வுகளில், பத்துப் பேர் அளவிலான சிறு குழுவுக்கு நடத்தப்பட்டது.

ஒரு முடிச்சு கற்பித்த பாடம்

வேலை கற்பித்தல் பற்றிய முதல் அமர்வில் ஒரு செயல்விளக்கம் உண்டு. கூரையிலிருந்து தொங்கும் மின்விளக்கின் பாரம் கம்பியின் இணைப்பை இழுத்து அறுத்துவிடாதபடி, விளக்குத் தாங்கியின் உள்ளே இருகம்பியையும் பிணைத்து இடும் முடிச்சு ஒன்று உளது. அதை எடுத்துக்கொண்டு பயிற்றுநர் ஒரு மேற்பார்வையாளரை முன்னே அழைப்பார். கம்பியைக் கையில் எடாமல், இடக்கம்பியை இப்படி வளை, வலக்கம்பியை அதன் பின்னே கொண்டுசெல் என்று வாயால் மட்டும் சொல்வார். பிறகு முடிச்சிடுமாறு கேட்பார். வந்தவர் திகைப்பார். அடுத்து வேறொருவரை அழைத்து, ஒரு சொல்லும் சொல்லாமல் தாமே விரைந்து முடிச்சிட்டுக் காட்டுவார். அவரும் செய்ய இயலாது விழிப்பார். மூன்றாவதாக ஒருவரை அழைத்து, நான்கு படிகளின்படி சொல்லியும் காட்டியும், நுட்பமான இடங்களை அழுத்திக் கூறியும், அவரைக்கொண்டே செய்வித்தும் கற்பிப்பார். முடிச்சு அமைந்துவிடும்.

இதன் பின்னரே உண்மைப் பாடம் தொடங்குகிறது. முன்னிருவர் தோற்றதற்குக் காரணம் யாது என்னும் வினா அவையின் முன் வைக்கப்படும். அவர்கள் அறிவில்லாதவர் என்று எவரும் சொல்ல இயலாது. அவரும் அவையோரைப்போல் தேர்ந்த மேற்பார்வையாளரே. எனவே குற்றம் கற்பித்த முறையின்மேல் சென்று நிற்கும். ஆலைக்குத் திரும்பும் மேற்பார்வையாளர் ஒவ்வொருவரும், தாம் முன்னாளில் சோம்பேறி என்றும் மண்டு என்றும் வைத ஒருவனை நினைந்து பார்க்காதிருக்க முடியாது. நீண்ட அறவுரை செய்ய இயலாத ஒன்றை ஒரு சாண் கம்பி செய்துவிட்டது.

சட்டைப்பையில் அடங்கிய அட்டை

பயிற்சி முடித்தோர்க்குச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளத்தக்க சிறு அட்டை ஒன்று தரப்பட்டது. நான்கு படிகளும் அதில் சுருக்கமாக அச்சிடப்பட்டிருந்தன. பிழை சுட்டுதல் எவ்விடத்தில் எவ்வாறு வருகிறது என்பதை அவ்வட்டையின் அமைப்பால் அறியலாம்.

முதற்படியில், கற்பவனின் அச்சத்தைப் போக்குதலும் அவன் முன்பே அறிந்ததைக் கேட்டறிதலும் கூறப்பட்டுள்ளன. அஞ்சி நிற்பவன் காதில் திருத்தம் ஏறாது. ஏசல் ஒன்றே ஏறும். இரண்டாம் படியில், ஒரு நேரத்தில் ஒரு கூற்றை மட்டும் சொல்லிக் காட்டவேண்டும் என்பதும், கற்பவன் ஏற்கும் அளவுக்குமேல் ஊட்டலாகாது என்பதும் வற்புறுத்தப்படுகின்றன. வேலையைக் கெடுக்கவோ காக்கவோ வல்ல இடம், காயம் விளைக்கக்கூடிய இடம், கைத்திறத்தால் எளிதாகும் இடம் ஆகியவையே அழுத்திக் கூறவேண்டிய நுட்பங்கள்.

மூன்றாம் படியிலேதான் பிழைதிருத்தம் வருகிறது. கற்பவன் செய்கையில் பிழை நேரும்போதே அதைத் திருத்தவேண்டும். வாரம் கழித்துத் திருத்தினால் பிழை அதற்குள் பழக்கமாகிவிடும். பழக்கத்தை மாற்றுதல் கற்பித்தலினும் கடினம். அடுத்து, அவன் மீண்டும் செய்யும்போது ஒவ்வொரு நுட்பத்தையும் அவன் வாயாலேயே விளக்கச் செய்யவேண்டும். 'புரிந்ததா?' என்று கேட்டு, அவன் தலையசைத்ததும் நிறைவடைவது கற்பித்தல் ஆகாது. தலையசைப்பு மரியாதையின் அறிகுறியாகலாம், அச்சத்தின் அறிகுறியுமாகலாம். அறிவின் அறிகுறி என்று கொள்வதற்கில்லை. அவன் அறிந்துகொண்டான் என்பதைக் கற்பிப்பவர் அறியும்வரை இப்படி தொடரவேண்டும்.

நான்காம் படியில் அவனைத் தனியே வேலைசெய்ய விடவேண்டும். ஐயம் எழுந்தால் யாரை அணுகுவது என்பதைப் பெயர் சுட்டிச் சொல்லவேண்டும். அடிக்கடி சென்று பார்க்கவேண்டும். வினாக் கேட்க ஊக்கவேண்டும். பின்னர் மேற்பார்வையைச் சிறிது சிறிதாகக் குறைத்து விலகவேண்டும். விலகுதலும் கற்பித்தலின் ஒரு பகுதியாகச் சொல்லப்பட்டது நோக்கத்தக்கது. ஓயாது திருத்திக்கொண்டே இருப்பவர் கற்பவனைத் தன் காலில் நிற்கவிடாதவர் ஆகிறார்.

நிறையும் குறையும்

வேலையாரோடு உறவு பேணும் பாடத்திட்டம் இன்னும் ஒருபடி மேலே சென்றது. அதனை வகுத்தோர்க்கு முன்மாதிரியாகச் சில ஆராய்ச்சிகள் இருந்தன. சிக்காகோ நகரை அடுத்த வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தின் ஹாதார்ன் ஆலையில் 1924 முதல் 1932 வரை நடந்த ஆராய்ச்சியில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்களோடு தனித்தனியே உரையாடிக் கருத்தறிந்தனர். கூலியும் வெளிச்சமும் மட்டுமல்ல, தன்னை மதித்துக் கேட்கிறார்களா என்பதும் தொழிலாளியின் உழைப்பைத் தீர்மானிக்கிறது என்னும் எண்ணம் அதனால் வலுப்பெற்றது.

இப்பாடத்திட்டம் மேற்பார்வையாளர்க்கு நான்கு அடிப்படைகளை விதித்தது. தொழிலாளி ஒவ்வொருவனுக்கும் அவன் வேலை எவ்வாறு உளது என்பதைத் தெரிவித்தல் முதலாவது. இதற்கு முன்னீடாக, அவனிடம் எதிர்பார்ப்பது யாது என்பதை மேற்பார்வையாளரே தெளிந்திருக்கவேண்டும். குறையைச் சொல்வதோடு நில்லாமல் மேம்படும் வழியையும் காட்டவேண்டும். பாராட்டுக்குரியதை உடனுக்குடன் பாராட்டல் இரண்டாவது. அவனைத் தாக்கும் மாறுதல்களை முன்கூட்டியே, இயன்றவரை காரணத்தோடு அறிவித்தல் மூன்றாவது. அவனிடம் பயன்படாது கிடக்கும் திறனைக் கண்டறிந்து அவன் முன்னேற்றத்துக்குக் குறுக்கே நில்லாமை நான்காவது. மனிதரை மொத்தமாகவன்றித் தனித்தனி மனிதராகவே நடத்தவேண்டும் என்பது இந்நான்கிற்கும் தலையாயது.

1945ஆம் ஆண்டு செப்டம்பரில் பணித்துறை மூடப்பட்டபோது 16,511 ஆலைகளையும் தொழிற்சங்கங்களையும் சேர்ந்த 17,50,650 பேர் சான்றிதழ் பெற்றிருந்தனர். ஏறத்தாழ 600 நிறுவனங்களிடம் திரட்டிய கணக்கில், உற்பத்தி 25 விழுக்காடோ அதற்கு மேலோ உயர்ந்ததென 86 விழுக்காட்டு நிறுவனங்கள் கூறின. பயிற்சிக் காலமும் தொழிலாளர் மனக்குறையும் அவ்வளவேனும் குறைந்தன என்று எல்லா நிறுவனங்களுமே கூறின. இது திட்டத்தை நடத்தியோர் தாமே தொகுத்த கணக்கு. ஒருவர்கூட மறுத்துரையாத கணக்கைச் சிறிது எச்சரிக்கையோடு கொள்வதே ஆராய்ச்சி முறை. இத்திட்டத்துக்கு எல்லையும் உண்டு. நயமான சொல் நியாயமான கூலிக்கு ஈடாகாது. நிறத்தால் நேர்ந்த ஒதுக்கலைச் சட்டைப்பை அட்டை ஒன்று ஒழித்துவிடவும் இல்லை. ஆயினும் வாய்ப்புப் பெற்று உள்ளே வந்தவன் ஒரு கடுஞ்சொல்லால் வெளியேறிவிடாமல் காக்கும் வழி ஒன்றை அது காட்டியது.

கடல் கடந்த பயணம்

போர் முடிந்ததும் அமெரிக்க ஆலைகளில் இம்முறை தேய்ந்தது. பழந்தொழிலாளர் படையிலிருந்து மீண்டனர். செய்த பொருளெல்லாம் விலைபோன காலமாதலின் பயிற்சியின் அருமை உணரப்படவில்லை. பல நிறுவனங்களில் அன்றன்று சொல்லும் திருத்தத்தின் இடத்தை, ஆண்டுக்கு ஒருமுறை எழுதும் மதிப்பீட்டுத் தாள் பற்றிக்கொண்டது.

பிரிட்டனின் தொழில் அமைச்சு 1944ஆம் ஆண்டிலேயே இம்முறையை ஏற்றிருந்தது. போரில் அழிந்த ஜப்பானில், அமெரிக்கரின் ஆட்சிக் காலத்தில் இது அறிமுகமாயிற்று. 1951ஆம் ஆண்டில் லோவல் மெல்லன் என்பவரின் தலைமையில் ஒரு சிறு குழு அங்குச் சென்று பயிற்றுநரைப் பயிற்றியது. டொயோட்டா நிறுவனமும் அக்காலத்திலேயே வேலை கற்பிக்கும் பாடத்திட்டத்தை மேற்கொண்டது; அதனைக் கைவிடாது தன் உற்பத்தி முறையின் அடித்தளங்களுள் ஒன்றாக்கிக்கொண்டது. 1984ஆம் ஆண்டில் கலிபோர்னியாவின் பிரீமான்ட் நகரில் டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்சும் கூட்டாக ஆலை தொடங்கியபோது, அமெரிக்கத் தொழிலாளர்க்கு ஜப்பானிய முறை என்று கற்பிக்கப்பட்டதில் அவர்தம் பாட்டன்மார் கற்ற நான்கு படிகளும் இருந்தன. தன் வீட்டுப் பொருளை அடுத்த வீட்டில் கண்டு வியந்த கதையாயிற்று.

பின்னூட்டம் என்னும் சொல்

இன்று பயிற்சித் துறையில் 'பின்னூட்டம்' என்னும் சொல் பெரிதும் வழங்குகிறது. 1940களின் அட்டைகளில் அதற்கு நேரான ஆங்கிலச் சொல் இல்லை. வெளிவரும் மின்குறிப்பின் ஒரு பகுதியை மீண்டும் உள்ளே செலுத்துதலைக் குறிக்க மின்னியலார் வழங்கிய சொல் அது. 1946ஆம் ஆண்டுக் கோடையில் கனெக்டிகட் மாநிலத்தின் நியூ பிரிட்டன் நகரில் கர்ட் லெவின் என்னும் மனவியல் அறிஞர் ஒரு பயிற்சி முகாம் நடத்தினார். பகலில் நடந்தவற்றைப் பற்றிப் பயிற்றுநர் மாலையில் தமக்குள் ஆராய்வதைக் கேட்கப் பயிற்சி பெறுவோரும் வந்து அமர்ந்தனர். தம் நடத்தையைப் பிறர் எவ்வாறு கண்டனர் என்பதை நேரில் கேட்டதே அவர்களுக்குப் பெரும்பாடமாயிற்று. அதன்பின் அச்சொல் மனிதர் பயிற்சியிலும் வேரூன்றியது.

சொல் பரவிய அளவுக்கு விதி பரவவில்லை. 1996ஆம் ஆண்டில் கிளூகர், டிநிசி என்னும் இரு ஆராய்ச்சியாளர்கள் அதுவரை நடந்த ஆய்வுகளிலிருந்து 607 முடிவுகளைத் திரட்டி ஒப்பிட்டனர். சராசரியாக நோக்கின் பின்னூட்டம் நன்மை செய்கிறது. ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவற்றில் அது செயலை மேம்படுத்தாததோடு முன்னிருந்ததினும் தாழ்த்திவிட்டது. அவர்கள் தந்த விளக்கம் இது: கற்பவனின் கவனம் வேலையின்மேல் நிற்கும்வரை திருத்தம் பயன்தரும், 'நான் எப்படிப்பட்டவன்' என்னும் எண்ணத்தின்மேல் அது திரும்பியவுடன் பயன் குன்றும். 'உளியைச் சாய்த்துப் பிடி' என்பது வேலையைப் பற்றியது. 'உனக்குக் கைவராது' என்பது ஆளைப் பற்றியது. முன்னது கேட்டவன் உளியைப் பார்ப்பான். பின்னது கேட்டவன் தன்னைப் பார்த்துக் குமைவான், அல்லது சொன்னவரைப் பார்த்துக் கசப்பான். இருவகையிலும் உளி சாயாது.

ஆசிரியர் கொள்ளத்தக்கது

கப்பல் தளத்திலும் வில்லைப் பட்டறையிலும் கண்டறிந்தவற்றைத் தொகுத்து நோக்கின் மூன்று உண்மைகள் நிற்கும். திருத்தம் பிழைக்கு அண்மையில் நிகழவேண்டும். அது செயலைச் சுட்டவேண்டும், ஆளைச் சுட்டலாகாது. அது கற்பித்தவரின் பொறுப்பையும் உடன் சோதிக்கவேண்டும். மூன்றாவதே அரியது. கட்டுரை ஏட்டில் ஒரே சந்திப் பிழையை நாற்பது மாணவருள் முப்பதின்மர் செய்திருப்பின், அம்முப்பது சிவப்புக் கோடுகளும் முப்பது மாணவரைப் பற்றிய செய்தி அல்ல. ஒரு பாடத்தைப் பற்றிய செய்தி. பதினைந்து நாள் கழித்துத் திரும்பும் ஏட்டில் மதிப்பெண்ணை மட்டும் பார்த்து மாணவன் மூடிவிடுவதும், அவன் வாயாலேயே காரணத்தைச் சொல்லவைக்கும் ஐந்து நிமிடத்தில் பிழை அகல்வதும் ஆசிரியர் அறியாதன அல்ல.

வகுப்பறையிலிருந்து கடன் வாங்கிய நான்கு படிகளைக் கொண்டு, ஐந்தாண்டுத் தொழிலைச் சில மாதங்களில் கற்பித்தது ஆலை. அங்ஙனம் கற்றவருள் பலர், முன்னர் எந்த ஆலையும் ஏற்காதவர். ஒருவன் கற்கமாட்டான் என்று தீர்ப்பளிக்குமுன், அவனுக்குக் கற்பித்தாயிற்றா என்னும் வினாவை எழுப்பியதே அதற்குக் காரணம். அவ்வினா எழும் வகுப்பறையில் மந்தன் எனப் பெயர்பெறுவோர் தொகை குறையும்.